சாய்ந்த வீடு

படுத்த படுக்கையாகக் கிடக்கும் குழந்தைசாமியை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போக வருவதாக டவுனிலிருந்து போன் வந்தபோது, குழந்தைசாமி முப்பதடி உயரத்தில், சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியின் மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. இடுப்பில் கட்டிய துணிப்பை நிறைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. நிறைந்த பிறகும் இறங்க மனமில்லாமல் வாயில் இரண்டு கதிரைக் கவ்விக்கொண்டிருந்தார்.

போனை எடுத்தவள் மருமகள் யமுனா. மரத்தடியில் சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, யுவராஜ் வீடுங்களா? மிலிட்டரியில இருக்கறாரே."

"ஆமாங்க. நான் அவிய சம்சாரம்."

"என் பேரு முருகானந்தம். பட்டாளத்துக்காரங்க குடும்பத்துக்கான டவுன் ஆபீசுல இருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் டிரான்ஸ்பர் கேட்டு எழுதியிருக்காருல்லீங்க, அப்பாவுக்கு இடுப்பு விழுந்து போச்சுன்னு. அதை நேர்ல பாத்து ரிப்போர்ட் அனுப்பச் சொல்லி அவங்க யூனிட்ல இருந்து லெட்டர் வந்திருக்குது. நாளன்னிக்கு புதங்கிழமை காலைல மேல வாரேன். அப்பாவை எங்கயும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிராதீங்க."

"செரிங்க" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்.

"யாரு கண்ணு போன்ல?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"கம்பெனிக்காரங்க மாமா. சிம்கார்டு வேணுமான்னு கேக்கறாங்க."

"மரத்துமேல டவர் நல்லாத்தான் கெடைக்குது, கீழதான் உட்டு உட்டுக் கெடைக்குதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, ஏணியிலிருந்து ஒரு காலை எடுத்துக் கிளையில் ஊன்றி, எட்டாத கொடியை இழுத்தார். பதினாலு வருஷமாக யமுனா பார்க்கிற காட்சிதான். இன்றைக்கு அவளால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

யுவராஜ் பட்டாளத்துக்குப் போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. இப்போது இருப்பது நாட்டின் வடகிழக்கு மூலையில், ரயிலும் பஸ்ஸும் லாரியுமாக ஊர் வந்து சேர ஐந்து நாள் பிடிக்கிற இடம். அவனுடைய காலம் வரும் ஆகஸ்டோடு முடிகிறது. விருப்பம் என்று எழுதிக் கொடுத்தால் மேற்கொண்டு இருக்கலாம். கொடுக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். வந்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மூன்று ஏக்கர் தோட்டத்தில் மிளகு, குச்சிக்கிழங்கு, கொஞ்சம் சாமை. மிளகுக்கு ஏற வேண்டும். தீபாவளி லீவில் வந்தபோது ஆளில்லாத நேரம் பார்த்து அப்பாவின் ஏணியில் ஏறினான். எட்டுக் கணு ஏறியதும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். யமுனாதான் அடியில் நின்று, எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி இறக்கினாள். பனிமலையில் துப்பாக்கியோடு நின்ற மனிதனை இப்படி இறக்க வேண்டியிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கே கிழங்குக் காட்டு வரப்பில் உட்கார்ந்து இருவரும் திட்டம் போட்டார்கள்.

"எழுதிக் குடுக்கறதுன்னா குடுங்க, நான் வேண்டாங்கல" என்றாள் யமுனா. "ஆனா இந்தத் தடவ நானும் ஆஸ்டல்ல இருக்கற புள்ளையும் கூட வாரோம். கல்யாணமாயிப் பதினாலு வருசத்துல உங்ககூட இருந்த நாளு ரெண்டு வருசம் தேறாது. இப்ப இருக்கற எடத்துல குடும்பத்தோட இருக்க முடியாதுன்னா குன்னூருப் பக்கம் மாத்திக் கேளுங்க. அது கெடச்சா எழுதிக் குடுங்க. இல்லாட்டி வந்துருங்க."

"சும்மா கேட்டா மாத்த மாட்டாங்க. காரணம் காட்டோணும்."

"என்ன காரணம் காட்டோணும்?"

"வயசான அப்பா, படுத்த படுக்கை, பாக்கறதுக்கு ஆம்பள ஆளில்ல, அந்த மாதிரி. எல்லாரும் அதத்தான் எழுதறாங்க. எங்க யூனிட்டுல பாதிப் பேருக்கு அப்பன் படுக்கைலதான் கெடக்கறான்."

இருவரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தைசாமி கூரைமேல் ஏறி உடைந்த ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். காகிதம்தானே என்று யமுனா நினைத்தாள். காகிதத்தைச் சரிபார்க்க ஆள் வரும் என்பது அவளுக்குத் தெரியாது. பதினேழு வருஷம் காகிதங்களுக்கு நடுவே இருந்தவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பொழுது சாயும் நேரம், சிக்னல் கிடைக்கிற பாறைமேல் நின்று அவனுக்குப் போன் போட்டாள். காற்று இரைச்சலுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள்.

"நேர்ல வாராங்களா?"

"வாராங்க. நாளன்னிக்கு. இப்ப என்ன பண்றது சொல்லுங்க."

"எழுதினது பொய்யின்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னா டிரான்ஸ்பர் மட்டும் போகாது யமுனா. மேற்கொண்டு இருக்கவும் உட மாட்டாங்க. பொய் சொன்னதுக்குத் தனியா விசாரணை வெப்பாங்க. இத்தன வருசத்துல ஒரு கெட்ட பேரு வாங்கினதில்ல நானு."

"அப்ப மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க. போனக் குடுக்கறேன்."

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது? நீயே சொல்லீரு. ஒரு மணி நேரம் படுத்திருந்தாப் போதும். அவரு போனதும் எந்திரிச்சுக்கலாம்."

பட்டாளத்துக்காரனின் தைரியம் அவ்வளவுதான். யமுனா போனை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கி வந்தாள்.

மாமியார் குப்பாயி அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். யமுனாவும் ஒரு கை எடுத்து உரித்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குப்பாயி கேட்டுக்கொண்டே உரித்தாள். கடைசிக் காயை உரித்துச் சட்டியில் போட்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

"எழுதறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கண்ணு. என்னப் படுக்க வெச்சிருக்கலாம். நான் படுத்தா ஆருக்குத் தெரியப் போகுது. அந்த மனுசன் காய்ச்சல் வந்தாக்கூட உக்காந்துட்டே தூங்கறவரு."

"தப்புத்தானுங்க அத்தை."

"தப்புங்கறது பெரிய வார்த்த. கேவலமா இருக்குது, அவ்வளவுதான்." அவள் எழுந்து அடுப்பை மூட்டினாள். குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அன்று இரவு யாரும் உப்பு கேட்கவும் இல்லை.

கீழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். மிளகுக் காலத்தில் மலைமேல் எடப்புளி நாட்டு வளவுகளில், பத்திருபது வீடுகள் சேர்ந்த குடியிருப்புகளில், எப்படி வேலை நடக்கிறது என்று தெரிந்தால்தான் புரியும். கதிரில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்துவிட வேண்டும். பத்து நாள் விட்டால் பாதி குருவிக்கும் பாதி மண்ணுக்கும் போகும். தனி ஆளாக எந்தத் தோட்டத்தையும் முடிக்க முடியாது. அதனால் மாத்தாள் வைத்துக்கொள்வார்கள். இன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்து மாதன் குழந்தைசாமி தோட்டத்தில் ஏறினால், நாளைக்குக் குழந்தைசாமி மாதன் தோட்டத்தில் ஏற வேண்டும். என்ன வேலை இருந்தாலும் மாத்தாள் தவறக்கூடாது. ஏறுகிற ஆள் விழுந்தாலோ நோயில் படுத்தாலோ மட்டும் அந்த வீட்டுக்கு வேறு விதி. சாஞ்ச ஊடு என்பார்கள். சாஞ்ச ஊட்டுக்கு வளவே திரண்டு போய்ப் பறித்துக் கொடுக்கும். பதிலுக்கு ஆள் கேட்பதில்லை, அந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு சாப்பிடுவதும் இல்லை.

ஏணிக்கும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் காலடிக்குத் தக்கபடி கணு பார்த்து வெட்டிய மூங்கில் அது. கணுவில் வெட்டாமல் விட்ட கிளைக்கட்டைதான் படி. ஒருவர் ஏணியில் இன்னொருவர் ஏறுவதில்லை. இனிமேல் ஏற முடியாது என்று ஆனவர் தன் கையாலேயே அதை இன்னொருவருக்குக் கொடுப்பார். கொடுத்த பிறகு அவர் மரம் ஏறுவதில்லை.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் யமுனா தோட்டத்துக்குச் சோறு கொண்டு போனாள். காலைப் பனி விலகி நல்ல வெயில். குழந்தைசாமி கேழ்வரகுக் களியை விண்டு மொச்சைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் பாதியிலேயே வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் கேட்டுக்கொண்டே மென்றார். மெல்லுவது மெதுவாயிற்று. நின்றது.

"என்ன வியாதின்னு எழுதியிருக்கறான்?"

"இடுப்பு விழுந்துருச்சுன்னு, மாமா."

"எப்ப விழுந்துச்சாம்?"

"போன ஐப்பசியில."

"ஐப்பசியில நான் ஓடு மாத்திட்டிருந்தனே." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் போலச் சொன்னார். "அப்பறம்?"

"வெளிக்குப் போறதுக்குக்கூட ஆள் தூக்கோணும்னு."

"தூக்கறது ஆரு?"

யமுனா தரையைப் பார்த்தாள். "நான்தான்னு எழுதியிருக்குதுங்க."

குழந்தைசாமி தன் கால்களைப் பார்த்தார். ஏணிக் கட்டை அழுத்தி அழுத்தி உள்ளங்கால் நடுவில் காய்த்துப்போன கால்கள். பிறகு மிச்சக் களியை முழுக்கச் சாப்பிட்டார். கை கழுவினார்.

"நான் படுக்க மாட்டேன்னு சொன்னா அவனுக்கு வேலை போயிருமா?"

"மேற்கொண்டு இருக்க உட மாட்டாங்களாம். விசாரணையும் வருமாம்."

"இங்க வந்தா மரமேற மாட்டான்" என்றார் அவர். யமுனா நிமிர்ந்து பார்த்தாள். "எட்டுக் கணுவோட நின்னுட்டான்ல. ஏணிய வெச்சது வெச்ச மாதிரி இல்லீன்னா எனக்குத் தெரியாதா? அடில மண்ணுல நீ நின்ன காலடி வேற கெடந்துச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. அதை அவர் கவனிக்காதவர் போல எழுந்து பையைக் கட்டினார்.

"செரி. நாளைக்கு மாதன் தோட்டத்துக்கு நான் மாத்தாள் போகோணும். ஒடம்பு செரியில்லீன்னு உங்க அத்தைய உட்டுச் சொல்லச் சொல்லு. இன்னிக்குப் பொழுது இருக்குது. இந்த மரத்த முடிச்சுட்டு வாரேன்."

அன்று இருட்டுக்கட்டும் வரை அவர் இறங்கவில்லை. நாலு மரம் முடித்தார்.

புதன்கிழமை காலையில் குப்பாயி மூலை அறையிலிருந்து கயிற்றுக் கட்டிலை எடுத்து வாசல் அறையில் போட்டாள். சாக்கு, அதன்மேல் பழைய சேலை, மேலே போர்த்த பட்டாளத்துக் கம்பளி. அது யுவராஜ் முதல் லீவில் கொண்டு வந்தது. குழந்தைசாமி குளித்துவிட்டு வந்து கட்டிலைப் பார்த்தார். எப்படிப் படுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒருக்களிச்சுப் படுக்கறதா, மல்லாந்தா?"

"மல்லாந்தே படுங்க" என்றாள் குப்பாயி. "பேச்சு ரொம்பக் குடுக்காதீங்க."

"எனக்கு இடுப்புத்தான விழுந்திருக்குது. வாயுமா விழுந்துச்சு?" என்று சொன்னவர், இருவரும் சிரிக்காததைக் கண்டு பேசாமல் படுத்துக்கொண்டார்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. அதிகாரி வருவார், பார்ப்பார், போவார். ஒரு மணி நேரம். ஆனால் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வழி கேட்டது மாதனிடம். மாதனுக்கு முப்பது வயது. குழந்தைசாமியைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். அவரிடம்தான் ஏறப் பழகினான். மாத்தாள் வரவில்லை என்று தெரிந்ததால் கத்திக்குப் பிடி வாங்கக் கடைக்கு வந்தவன் அவன்.

"தம்பி, இடுப்பு விழுந்து படுக்கையில இருக்காரே குழந்தைசாமி, அவரு வீடு எது?"

மாதனுக்கு எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. புரிந்தது தப்பு என்பது வேறு விஷயம். நேற்று இருட்டும் வரை மரத்தில் இருந்தார். காலையில் உடம்பு சரியில்லை என்று சேதி வந்தது. விழுந்திருக்கிறார். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று மறைக்கிறார்கள். அவன் அதிகாரிக்கு வழி காட்டிவிட்டு, வளவுக்குள் ஓடினான்.

முருகானந்தம் ஐம்பத்தைந்து வயது மனிதர். அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்தான். சரிவில் இறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது. யமுனா கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டுக் கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, எப்படி இருக்குதுங்க?"

"இருக்குதுங்க" என்றார் குழந்தைசாமி, கூரையைப் பார்த்தபடி.

"கால் அசையுதுங்களா?"

குழந்தைசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குப்பாயி சொன்னாள்: "கொஞ்சம் கொஞ்சம் அசையுதுங்க."

"பையன் மேற்கொண்டு இருக்கறதுக்கு எழுதிக் குடுக்கப் போறாருங்களா?"

"டிரான்ஸ்பர் கெடச்சா எழுதிக் குடுப்பாருங்க" என்றாள் யமுனா. "குன்னூரு கெடச்சா நாங்களும் போயிருவோம்."

"அப்ப ஐயாவ ஆரு பாக்கறது?"

யமுனா மாமியாரைப் பார்த்தாள். அந்தக் கேள்வி வரும் என்று அவர்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. குன்னூருக்குப் போவது அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்று எழுதியிருந்தது. அப்பாவைக் கூட்டிப் போவதாக ஒருநாளும் யாரும் பேசியதில்லை.

"நாங்களும் கூடப் போறமுங்க" என்று குப்பாயி சட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வாழ்நாளில் அவள் சொன்ன பொய்கள் கை விரலுக்குள் அடங்கும். அதில் இது ஒன்று கூடிற்று.

அப்போதுதான் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. யமுனா எட்டிப் பார்த்தாள். மாதன் முன்னால் வந்தான், தோளில் ஏணி. பின்னால் காளியண்ணன், அத்தாயி, மேல்வீட்டு ஆட்கள், பதினோரு பேர். ஏணியும் சாக்குமாக ஒருவரும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே தோட்டத்துக்குள் இறங்கினார்கள். சாஞ்ச ஊட்டில் கேட்டுக்கொண்டு நிற்பது வழக்கமில்லை. அத்தாயி மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "நீ அவரப் பாரு குப்பாயி. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தோட்டத்தில் கதிர் பழுத்து உதிர்கிறது என்பது குப்பாயிக்குத் தெரியும்.

"இவங்கெல்லாம் ஆருங்க?" என்று கேட்டார் முருகானந்தம்.

"வளவு ஆளுங்க."

"எவ்வளவு கூலி?"

"கூலி இல்லீங்க" என்றாள் யமுனா. முருகானந்தம் வெளியே போய், ஏணிக்கு அடியில் நின்றிருந்த மாதனிடம் ஏதோ கேட்டார். அவன் கையை ஆட்டி ஆட்டிச் சாஞ்ச ஊட்டு முறையைச் சொன்னான். திரும்பி வந்தவரின் முகம் மாறியிருந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஓர் ஊரா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

போட்டோ எடுக்க வேண்டும் என்று போனை எடுத்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று குறி பார்த்தவர், போனைக் கொஞ்சம் இறக்கினார். கம்பளிக்கு வெளியே கிடந்தது குழந்தைசாமியின் வலது கை. பச்சை மிளகு பறித்த கறை கருப்பாக விரல் நுனிகளில் ஏறியிருந்தது. கட்டைவிரல் நகத்தின் இடுக்கில் நேற்றைய கதிரின் நார் இன்னும் இருந்தது. மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிறவரின் கை அது.

தோட்டத்தில் யாரோ சாக்கு கேட்டுக் கூப்பிடும் சத்தம் வந்தது. முருகானந்தம் குனிந்து, கம்பளியை இழுத்து அந்தக் கையை மூடினார். பிறகு போட்டோ எடுத்தார்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி யமுனாவிடம் சொன்னார்: "நான் எழுதி அனுப்பிடறேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லீருங்க. இனிமேல் எதுக்கும் அப்பா பேரை எழுத வேண்டாம்னு."

அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருக்கலாம். யமுனா தலையாட்டினாள். அவர் மேடேறி மறையும் வரை அங்கேயே நின்றாள்.

ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. ஆனால் குழந்தைசாமி எப்படி எழுவார்? தோட்டத்தில் பதினோரு பேர். வாசலில் மாறி மாறி ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சாமைக் கஞ்சி கொண்டு வந்தார்கள். மதியம் கடந்தது. காலையிலிருந்து ஒரே நிலையில் கிடந்ததில் அவருக்கு உண்மையாகவே இடுப்பு வலித்தது. அதைவிட அவசரமான தொல்லை ஒன்றும் சேர்ந்துகொண்டது. குப்பாயியின் காதில் சொன்னார். அவள் ஒரு பானையைத் தேடிக்கொண்டிருந்தபோது மாதன் தண்ணீர் குடிக்க வந்தான். பார்த்தவுடன் புரிந்துகொண்டான்.

"எதுக்கு பெரியம்மா பானை? நான் என்னத்துக்கு இருக்கறேன்?" என்று சொல்லியபடி கட்டிலருகே முதுகைக் காட்டிக் குந்தினான். "ஏறிக்குங்க பெரியப்பா. மெதுவா."

"வேண்டாம்ப்பா. நானே..."

"நானேன்னு இனி என்ன. புடிச்சுக்குங்க."

குழந்தைசாமி அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். காலைத் தொங்கவிட வேண்டும் என்று நினைவு வைத்துக்கொண்டு தொங்கவிட்டார். மாதன் அவரைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஓரமாக, எல்லோரும் பார்க்க நடந்தான். மரங்களில் இருந்தவர்கள் பறிப்பதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது அவர்கள் காட்டிய மரியாதை.

"ஒண்ணும் பயப்படாதீங்க பெரியப்பா" என்றான் மாதன், காப்பிச் செடி மறைவில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. "தைமாசம் முடியறதுக்குள்ள உங்க தோட்டம் சுத்தமாயிரும். என்னுது உதிர்ந்தா உதிரட்டும், அடுத்த வருசம் காய்க்காதா?"

திரும்பக் கட்டிலில் கிடத்தியபோது குழந்தைசாமியின் கண்ணோரம் நனைந்திருந்தது. வலி என்று மாதன் நினைத்தான். கம்பளியை நெஞ்சுவரை இழுத்துவிட்டுப் போனான்.

பொழுதோடு ஆட்கள் போய்விட்டார்கள். குப்பாயி காலையிலேயே வடித்து வைத்த சோற்றை யாரும் தொடவில்லை. வாசலில் ஏழு சாக்குக் கதிர் அடுக்கியிருந்தது. நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

கதவைச் சாத்தியதும் குழந்தைசாமி எழுந்து உட்கார்ந்தார். யமுனா சுவரோரம் நின்றாள்.

"மாமா, ஒரு வாரம் போகட்டும். சேலத்துல போயி ஊசி போட்டோம், செரியாயிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"இடுப்பு விழுந்தவன் ஒரு வாரத்துல மரமேறுனா அது ஊசியா, பொய்யான்னு கேக்காம இருக்கறதுக்கு இவங்க என்ன புள்ளைங்களா?"

"அப்ப உண்மையச் சொல்லீரலாமுங்க. இவங்ககிட்ட மட்டும்."

"சொன்னா என்னாகும்? வளவுல பதினோரு பேருக்குத் தெரிஞ்சது சோளக்காட்டுச் சந்தைல எல்லாருக்கும் தெரியும். அந்த ஆபீசர் எழுதினது பொய்யாயிரும். அந்த மனுசன் கைய மூடிட்டுப் போனாரு பாத்தியா?" அவர் தன் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "காசுக்கு வந்து பறிச்சிருந்தா திருப்பிக் குடுத்துருவேன் சாமி. மாத்தாளா வந்திருந்தா நாளைக்கே ஏறித் தீத்துருவேன். சாஞ்ச ஊடுன்னு நெனச்சு வந்தாங்க. அத எப்படித் திருப்பிக் குடுக்கறது? சாஞ்ச ஊடா இருந்தாத்தான் ஆகும்."

"ஏனுங்க, என்ன சொல்றீங்க?" என்றாள் குப்பாயி.

அவர் கம்பளியை இழுத்துக்கொண்டு மறுபடி படுத்தார்.

வியாழக்கிழமை காலையில் ஆட்கள் வந்ததும் குழந்தைசாமி மாதனை உள்ளே கூப்பிடச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் சாத்தியிருந்த தன் ஏணியை எடுத்து வரச் சொன்னார். மாதன் தயங்கி நின்றான். அதை அவன் தொடக்கூடாது.

"நான்தான சொல்றேன். எடுத்துட்டு வா."

நீள மூங்கில் வாசலுக்குள் முழுதாக நுழையவில்லை. அடிமுனை கட்டிலருகே, நுனி வெளியே முற்றத்தில். மற்றவர்கள் நுனியைச் சுற்றிச் சத்தமில்லாமல் கூடிவிட்டார்கள். குழந்தைசாமி படுத்தபடியே கையை நீட்டி, அடியிலிருந்து மூன்றாவது கட்டையைத் தொட்டார். அவருடைய வலது கால் எப்போதும் முதலில் ஊன்றுகிற கட்டை அது, வழவழவென்று தேய்ந்திருந்தது.

"எங்காலடிக்கு வெட்டினது. உனக்குக் கொஞ்சம் குட்டையா இருக்கும். பாத்து ஏறு."

"பெரியப்பா, இப்பவே எதுக்குங்க? நாளைக்கே நல்லாயிருச்சுன்னா?"

"ஆகாது. புடி."

மாதன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். குப்பாயி முந்தானையால் வாயைப் பொத்தினாள். யமுனாவுக்கு அங்கே நிற்கவே கூசியது. சமையலறைக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இது அவளும் யுவராஜும் வரப்பில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பின் விளைவு. அதை அவள் யாரிடம் சொல்லி அழ முடியும்.

குன்னூர் ஆர்டர் பங்குனியில் வந்தது. யுவராஜ் இன்னும் இரண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தான். முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்டதும் யமுனாவையும் மகளையும் கூட்டிப்போக லீவில் வந்தான். வீட்டை நெருங்கியபோது குழந்தைசாமி களத்து ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, காய்ந்த மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைத்தடி. மூன்று மாதத்தில் அவர் உடம்பு இளைத்திருந்தது. வீட்டுக்குள் நடப்பார். வெளியே யாராவது தென்பட்டால் தடியை எடுத்துக்கொள்வார்.

"வந்துட்டியா கண்ணு. அங்கெல்லாம் குளிரு எப்படி?"

"பரவால்லீங்கப்பா." யுவராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனான். கை கால் கழுவிக்கொண்டு சுவரைப் பார்த்தவன், அப்படியே நின்றான். "யமுனா, ஏணி எங்க?"

"மாதங்கிட்ட."

"மாதன் எதுக்கு எடுத்தான்?"

"எடுக்கல. மாமா குடுத்தாரு. கையால."

போனில் அவள் இதைச் சொல்லவில்லை. மாமா சொல்லக்கூடாது என்றிருந்தார். யுவராஜ் சுவரில் மூங்கில் சாய்ந்து சாய்ந்து விழுந்திருந்த தடத்தை ஈரக் கையால் தடவிப் பார்த்தான்.

கிளம்பும் நாள் வளவு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பஸ் ரோட்டுக்கு ஒரு பர்லாங்கு மேடு. வழியனுப்ப ரோடு வரை வருவேன் என்று குழந்தைசாமி சொன்னார். சொன்ன பிறகுதான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. மாதன் உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"இரு மாதா" என்றான் யுவராஜ். பையை யமுனாவிடம் கொடுத்துவிட்டு அப்பாவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான். அவன் குரல் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "ஏறிக்குங்கப்பா."

குழந்தைசாமி தடியைக் குப்பாயியிடம் கொடுத்துவிட்டு மகன் முதுகில் ஏறினார். யுவராஜ் எழுந்து மேட்டில் கால் வைத்தான். ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாரத்தைச் சுமந்து பழகியவன்தான், மூச்சு வாங்கவில்லை. பாதி மேட்டில் கல் புரண்டு அவன் கால் சறுக்கியது. அந்தக் கணத்தில், தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் இரண்டு தொடைகளும் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்தன. மரத்தை நாற்பத்தைந்து வருஷம் பிடித்த பிடி. அவ்வளவு பலம் அந்தக் கால்களில் இருந்தது.

யுவராஜ் நின்றுவிட்டான். பின்னால் வந்த யமுனாவும் நின்றாள்.

"நடப்பா" என்று காதருகே சொன்னார் குழந்தைசாமி. "எல்லாரும் பாக்கறாங்க." சொல்லிவிட்டுக் கால்களை மெதுவாகத் தளர்த்திப் பழையபடி தொங்கவிட்டார்.

அவன் தலையை நிமிர்த்தாமல் நடந்தான். மேலே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.